சட்டத்தரணி மாகாண அமைச்சரானால்: வட மாகாண சபை அனுபவத்திலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

மன்னாரைச் சேர்ந்த சட்டத்தரணி பா. டெனிஸ்வரன் 2013 ஒக்டோபரில் வட மாகாண சபையின் அமைச்சரானார். மீன்பிடி, போக்குவரத்து, வீதி அபிவிருத்தி, மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆகியவை அவரிடம் இருந்தன. 2017 ஓகஸ்டில் முதலமைச்சர் அவரைப் பதவி நீக்கினார். அப்படி நீக்க முதலமைச்சருக்கு அதிகாரம் இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்குள் சபையின் ஆயுட்காலமே முடிந்து ஒன்பது மாதத்துக்கு மேலாகியிருந்தது. வழக்கில் வென்றவருக்குத் திரும்பிப் போக அமைச்சும் இல்லை, சபையும் இல்லை.

இந்த வழக்கின் இரு பக்கமும் சட்டம் தெரிந்தவர்கள். முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்படியிருந்தும் இந்தச் சிக்கல் வந்தது. காரணம், மாகாண அமைச்சுப் பதவி என்பது யாருடைய கையெழுத்தில் பிறக்கிறது, யாருடைய கையெழுத்தில் முடிகிறது என்பதை அரசியல் நடைமுறை மறக்கடித்துவிடுகிறது. அடுத்த மாகாண சபைக்குப் போட்டியிட நினைக்கும் இளம் சட்டத்தரணிகள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கையெழுத்துகளின் வரிசையைத்தான்.

மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் 154சி உறுப்புரையில் தொடங்குங்கள். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ, அமைச்சர்கள் ஊடாகவோ, தனக்குக் கீழுள்ள அலுவலர்கள் ஊடாகவோ பிரயோகிக்கலாம் என்று அது சொல்கிறது. ஆக, அமைச்சர் என்பவர் அந்த மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே. அடுத்து 154எஃப். முதலமைச்சரும் அவர் தவிர நான்குக்கு மேற்படாத அமைச்சர்களும் கொண்ட அமைச்சர் சபை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும். ஆளுநர் அந்த ஆலோசனைப்படி நடக்க வேண்டும். தற்றுணிபு, அதாவது அமைச்சர்களின் ஆலோசனை இல்லாமல் முடிவெடுக்கும் உரிமை, உள்ள விடயங்கள் மட்டும் விலக்கு. ஒரு விடயம் தற்றுணிபுக்கு உரியதா என்ற கேள்வி எழுந்தால் ஆளுநரின் முடிவே இறுதி. அந்தத் தற்றுணிபை அவர் ஜனாதிபதியின் பணிப்புரைப்படி பயன்படுத்துவார். சபையில் பெரும்பான்மை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வாசகம் மாறாது. வடக்கில் 38 உறுப்பினர்களில் 30 பேர் ஒரே அணியில் இருந்தார்கள். அதற்காக ஒரு வரிகூட வேறு விதமாக வாசிக்கப்படவில்லை.

அமைச்சர் நியமனம் 154எஃப்(5)இல் இருக்கிறது: முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் ஆளுநர் நியமிப்பார். பதவியேற்கும் நாளில் மாலையும் மேளமும் முதலமைச்சருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் கோப்பில் இருக்க வேண்டியது ஆளுநரின் நியமனக் கடிதம். அதன் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி ஒன்று, சத்தியப்பிரமாணப் பத்திரத்தின் பிரதி ஒன்று, விடயங்கள் ஒதுக்கப்பட்ட வர்த்தமானி ஒன்று என மூன்றையும் முதல் வாரத்திலேயே எடுத்து, அமைச்சு அலுவலகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பதவி பறிபோகும் நாளில் அலுவலக அறைக்குள் போய் அவற்றைத் தேட முடியாது.

அடுத்த வேலை விடயப் பட்டியலை, மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரங்களைப் பிரிக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையோடு ஒப்பிடுவது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினால், பின்னால் வரும் பல மாதச் சண்டைகள் மிச்சமாகும். அமைச்சின் பெயர்ப்பலகையில் ஒரு சொல் இருப்பதால் அந்த விடயம் கைக்குள் வந்துவிடாது. டெனிஸ்வரனின் அமைச்சே இதற்கு நல்ல பாடம். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் வெவ்வேறு விதமாகப் பிளவுபட்டது.

வீதிகளை எடுங்கள். மாகாணத்துக்குள் இருக்கும் வீதிகளும் பாலங்களும் மாகாண நிரலில், அதாவது மாகாணத்துக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில், உள்ளன. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் விலக்கு. நடைமுறையில் ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிகுதி உள்ளூராட்சி மன்றங்களுக்கு. ஏ9 வீதியில் ஒரு குழி என்று மக்கள் மனுக் கொடுத்தால் மாகாண அமைச்சர் அதை அதிகார சபைக்கு அனுப்பத்தான் முடியும். ஆகவே வீதி தொடர்பான எந்த மனுவிலும் முதலில் வீதி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள உத்தியோகத்தர்களைப் பழக்குங்கள். இலக்கம் இல்லாத மனு மூன்று அலுவலகம் சுற்றி வரும்; கொடுத்தவர் அமைச்சர் ஏமாற்றினார் என்று நினைப்பார்.

பஸ் இதைவிடச் சிக்கல். வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவது மாகாண விடயம். ஆனால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மத்திய அரசின் நிறுவனம். மாகாண எல்லை தாண்டும் தனியார் பஸ்களின் அனுமதி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். ஒரே தரிப்பிடத்தில் மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. வவுனியாவில் புதிய பஸ் நிலையம் 2017 தொடக்கத்தில் திறக்கப்பட்ட பிறகும் போக்குவரத்துச் சபை பஸ்கள் பழைய நிலையத்தை விட்டு வர மறுத்து, வேலைநிறுத்தம் வரை போனது இதனால்தான். கட்டடம் கட்டி முடிவதற்கு முன்பே இணைந்த நேர அட்டவணை எழுத்தில் இருக்க வேண்டும். அதில் போக்குவரத்துச் சபையின் பிராந்திய முகாமையாளர், தனியார் சங்கங்கள், மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை ஆகிய மூவரின் ஒப்பமும் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு பேசலாம் என்று விட்டால், வெயிலில் பெட்டி தூக்கிக்கொண்டு இரண்டு நிலையங்களுக்கும் இடையில் நடப்பது பயணிதான்.

மோட்டார் வாகனத்தில் பிரிவு தெளிவானது. வாகனத்தைப் பதிவுசெய்வது கொழும்புத் திணைக்களம். ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்கு உரியது, அதன் கட்டணம் மாகாணத்தின் சொந்த வருவாய். அது நம்பகமான வருவாய் என்பதால் அமைச்சர் மாதாமாதம் பார்க்க வேண்டிய கணக்கும் அதுவே.

மீன்பிடிதான் மனதை வருத்தும் விடயம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் மக்கள் மாகாண மீன்பிடி அமைச்சரிடம் முதலில் கேட்பது, தமிழக இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துப் போகின்றன, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். ஒன்பதாம் அட்டவணையில் மீன், ஆள்புலக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடி தவிர்த்து, மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் இருக்கிறது. படகுப் பதிவும் அனுமதிப்பத்திரமும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மத்திய திணைக்களத்திடம். இழுவை மடித் தொழிலைத் தடைசெய்த 2017 திருத்தமும், வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைப் பெருமளவு உயர்த்திய 2018 திருத்தமும் பாராளுமன்றம் செய்தவை. பிடிப்பது கடற்படை, பேசுவது புதுடில்லியும் கொழும்பும். மாகாண அமைச்சருக்கு மிஞ்சுவது என்ன? வன்னிக் குளங்களில் மீன்குஞ்சு விடுவது, இறங்குதுறைக்குப் போகும் மாகாண வீதியைத் திருத்துவது, கூட்டுறவுச் சங்கங்களுக்கு உபகரண உதவி, சேதமடைந்த வலைகளின் விவரத்தைத் திகதி, இடம், படகு இலக்கம், சேதப் பெறுமதி என ஒரே படிவத்தில் திரட்டி மத்திக்குக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது கணக்கு இல்லாத துயரத்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. கரையில் நின்று “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் அமைச்சரை விட, எது தன் கையில் இல்லை என்பதை முதல் கூட்டத்திலேயே விளக்கிச் சொல்பவரை மீனவர்கள் நீண்டகாலம் மதிப்பார்கள்.

உத்தியோகத்தர் விடயம் சட்டத்தரணிகளுக்கு உடனே பிடிபட வேண்டியது. ஆனாலும் பலர் இங்கே தடுக்கி விழுவார்கள். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மாகாணப் பொதுச் சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு எல்லாம் ஆளுநரிடம். அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். பிரதம செயலாளரை முதலமைச்சரின் இணக்கத்துடன் ஜனாதிபதி நியமிப்பார். முதலமைச்சர் வெளியிட்ட நிர்வாகச் சுற்றறிக்கைக்கு எதிராகப் பிரதம செயலாளர் 2014இல் உயர் நீதிமன்றம் சென்றபோது, தீர்ப்பு பிரதம செயலாளர் பக்கமே வந்தது. ஆகவே ஒரு முகாமைத்துவ உதவியாளரைக்கூட இடமாற்ற அமைச்சர் எழுத்தில் உத்தரவிடக்கூடாது. செயலாளருக்கு “பொருத்தமான நடவடிக்கைக்கு” என்று குறிப்பிட்டு அனுப்பலாம், காரணத்தையும் எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினால் அந்தக் கோப்பு பின்னாளில் மேல் நீதிமன்றத்தில் இணைப்பாக வரும்.

மாகாண சபை நிறைவேற்றும் சட்டமான நியதிச்சட்டத்தை ஆக்குவதில்தான் சட்டத்தரணி அமைச்சர் தன் தொழிலின் முழுப் பயனையும் மாகாணத்துக்குக் கொடுக்க முடியும். மாகாண நிரலில் உள்ள விடயத்தில் 13ஆம் திருத்தத்துக்கு முந்திய பாராளுமன்றச் சட்டம் ஒன்று இருந்தால், அதனோடு முரண்படும் நியதிச்சட்டத்தைச் சபை ஆக்கலாம். ஆனால் 154ஜி(8) ஒரு நிபந்தனை வைக்கிறது: இன்ன சட்டத்துடன் முரண்பட்டது என்று நியதிச்சட்டத்தின் நீண்ட தலைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பழைய சட்டம் அந்த மாகாணத்துக்குள் இடைநிறுத்தப்படும். அந்த ஒரு வரி விடுபட்டால், நல்ல நோக்கத்தோடு எழுதிய முப்பது பிரிவுகளும் பழைய சட்டத்தின் முன்னால் பலமிழந்துபோகும். ஒருங்கிய நிரல் என்றால் பாராளுமன்றத்தைக் கலந்தாலோசித்த பிறகே சபை நியதிச்சட்டம் ஆக்கலாம். வரி, நிதி தொடர்பானவற்றைச் சபையில் கொண்டுவரவே ஆளுநரின் சிபாரிசு முன்கூட்டி வேண்டும்.

சபை நிறைவேற்றிய பின் 154எச். ஆளுநர் சம்மதம் தரலாம், அல்லது மீளாய்வுக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடியும் நிறைவேற்றினால், ஒன்றில் அவர் சம்மதிக்க வேண்டும். அல்லது ஒரு மாதத்துக்குள் ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்துக்கு அனுப்ப வேண்டும். கவனித்துப் பாருங்கள்: ஒரு மாதம் என்ற எல்லை இரண்டாம் தடவைக்குத்தான். முதல் தடவை ஆளுநர் திருப்பி அனுப்புவதற்கு “இயன்றளவு விரைவில்” என்பதே வாசகம். கோப்பு தூங்குவது இந்த இடத்தில்தான். அதை எழுப்ப, சமர்ப்பித்த நாளைப் பதிந்து வைத்து, மாதம் ஒரு முறை எழுத்தில் கேட்டு, எந்தப் பிரிவில் ஆட்சேபம் என்று தெளிவாகச் சொல்லுமாறு கோருங்கள். ஊடகச் சந்திப்பு இதற்கு உதவாது. எழுத்தில் வந்த ஆட்சேபத்தைத் திருத்தமாக மாற்றி இரண்டாம் தடவை நிறைவேற்றினால் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இப்போது பதவி நீக்கம். 2017இன் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்கே பிசகியது என்பது தெரியும். அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரித்த குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து ஜூனில் இரு அமைச்சர்கள் விலகினார்கள். அதே மாதம் முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநர் ரெஜினோல்ட் குரேயிடம் கையளிக்கப்பட்டுப் பின்னர் அடங்கியது. விலகியவர்களின் இடத்துக்கு இருவர் வந்தார்கள். ஓகஸ்டில் சுகாதார அமைச்சர் விலகினார், டெனிஸ்வரன் நீக்கப்பட்டார், மேலும் இருவர் நியமிக்கப்பட்டனர். காகிதத்தில் முதலமைச்சரும் நால்வரும், கணக்குச் சரி. டெனிஸ்வரன் விலகவில்லை, நீதிமன்றம் போனார். 2018 ஜூன் இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது நீக்கத்தைச் செயலிழக்கச் செய்யும் இடைக்கால உத்தரவைக் கொடுத்தது. அந்த நாளிலிருந்து கணக்கு முதலமைச்சரும் ஐவரும் என்றானது. அரசியலமைப்பு அனுமதிப்பது நால்வர். யார் அந்த ஐந்தாமவர் என்பதை முதலமைச்சர் ஆலோசனையாகச் சொல்ல வேண்டும் என்றார் ஆளுநர். முதலமைச்சர் தரப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. சபையின் கடைசி மாதங்களில் அமைச்சர் சபையைச் சட்டச் சிக்கல் இல்லாமல் கூட்ட முடியாத நிலை. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு மாகாணம் வாக்களித்துப் பெற்ற முதல் சபை, தன் கடைசிக் காலத்தை இப்படிக் கழித்தது பெரும் துயரம். இந்தக் குழப்பம் தவிர்த்திருக்கக்கூடியது என்பதால் அது இன்னும் வலிக்கிறது.

அமைச்சரை நீக்குவது பற்றி 154எஃப் எதுவும் பேசவில்லை. நியமிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே நீக்கும் அதிகாரமும் இருக்கும் என்பது இலங்கைச் சட்டத்தில் பழகிய கொள்கை. பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 14(எஃப்) பிரிவும் அதைத்தான் சொல்கிறது. நியமிப்பவர் ஆளுநர். ஆகவே நீக்கும் ஆவணமும் அவரிடமிருந்தே வர வேண்டும் என்பதுதான் 2019 தீர்ப்பின் விளைவு.

ஒரு முதலமைச்சர் இதைச் சரியாகச் செய்ய விரும்பினால் வழி இதுதான். முதலில் பதவி விலகல் கேளுங்கள். நியமித்தவர் ஆளுநர் என்பதால் விலகல் கடிதம் அவருக்கு முகவரியிடப்படுவதே பாதுகாப்பு. மறுத்தால், நீக்குமாறு ஆளுநருக்கு எழுத்தில் ஆலோசனை. ஆளுநரின் நீக்கக் கடிதமும் வர்த்தமானியும் கைக்கு வந்து, வெற்றிடம் சட்டப்படி உருவான பிறகே அடுத்த பெயரை அனுப்ப வேண்டும். வெற்றிடம் உறுதியாகுமுன் புதியவர் சத்தியப்பிரமாணம் செய்தால், நீக்கம் சவாலுக்குள்ளாகும் நாளில் நால்வர் என்ற எல்லை உடையும். நீக்கப்பட்டவரோடு சேர்ந்து புதியவரின் பதவியும் ஆடும். வடக்கில் நடந்தது இதுவே.

நீக்கப்பட்ட அமைச்சர் செய்ய வேண்டியதும் உண்டு. கடிதம் கிடைத்த சில நாட்களுக்குள், நீக்கும் அதிகாரத்தை ஏற்கவில்லை என்று முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். மௌனம் இணக்கமாகக் காட்டப்படும். கையில் இல்லாத ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் ரத்துச்செய்யக் கோரும் எழுத்தாணை மனு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் 154P(4)இன் கீழ் எழுத்தாணை அதிகாரம் உண்டென்றாலும், அது மாகாண நிரல் விடயங்களோடு கட்டுப்பட்டது. அமைச்சர் நியமனம் அந்த நிரலில் இல்லை.

மனுவில் தவறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. தேவையான தரப்பினரைச் சேர்க்காமல் விடுவது ஒன்று: ஆளுநர், முதலமைச்சர், ஏனைய அமைச்சர்கள், உங்கள் இடத்துக்கு வந்தவர் எல்லோரும் எதிர்மனுதாரர்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் உத்தரவு அவர்களைப் பாதிக்கும். 1990ஆம் ஆண்டின் மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகளின் 3(1)(ஏ) கேட்கும் மூலப் பிரதிகளோ அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதிகளோ இல்லாமல் வெறும் நிழற்பிரதிகளை இணைப்பது இன்னொன்று. முதல் வாரத்தில் எடுத்து வைத்த அந்த மூன்று ஆவணங்களும் இங்கேதான் உதவும். கட்சி எடுத்த ஒழுக்காற்று நடவடிக்கை, விசாரணைக் குழுவின் முறைப்பாடு போன்ற சங்கடமான உண்மைகளைச் சத்தியக்கடதாசியில் மறைப்பது மூன்றாவது. எழுத்தாணை தற்றுணிபு நிவாரணம் என்பதால் மறைத்த ஒன்று எதிர்த்தரப்பின் ஆட்சேபனையில் வெளிவந்தால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் மனு விழும்.

காலக் கணக்கையும் மனுத் தாக்கல் செய்யும் நாளிலேயே போடுங்கள். 154இ உறுப்புரைப்படி சபையின் ஐந்து ஆண்டுகள் அதன் முதல் அமர்வு நாளிலிருந்து எண்ணப்படும். தேர்தல் நாளிலிருந்து அல்ல. வடக்கில் தேர்தல் 2013 செப்டெம்பர் 21, கைதடியில் முதல் அமர்வு ஒக்டோபர் 25. இடைக்கால உத்தரவு கிடைத்த நாளில் மிஞ்சியிருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு. ஆகவே இடைக்கால நிவாரணத்தைத் தனித் தலைப்பில், தனிக் காரணங்களோடு, முதல் நாளிலேயே வாதிட வேண்டும். இறுதித் தீர்ப்பை நம்பியிருந்தால் சபை முந்திவிடும்.

அந்தச் சபைக்குப் பின் வடக்கில் வேறு சபை தெரிவாகவில்லை. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றியது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லாமல், 139 வாக்குகளால் நிராகரித்தது. 2018 ஒக்டோபர் முதல் 154சி சொல்லும் மூன்று வழிகளில் அமைச்சர்கள் என்ற வழி வடக்கில் மூடப்பட்டது. ஆளுநரும் அலுவலர்களுமே மாகாணத்தை நடத்தத் தொடங்கினார்கள்.